பானெட்டுக்கு அந்தப் பக்கம்

என் தங்கை வீட்டுக்காரர் கோவை கணபதியில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். பதினைந்து வருட உழைப்பு. வங்கிக் கடனின் கடைசித் தவணை கட்டி முடித்த மாதம் எனக்குப் போன் செய்து, "மச்சான், இந்தத் தடவ ஒரு நல்ல வண்டியா எடுத்தர்லாம்னு இருக்கறனுங்க" என்றார். நல்ல வண்டி என்றால் சொகுசுக் கார். செடானா, எஸ்யூவியா என்பதுதான் அவருக்குக் குழப்பம். வீட்டில் நாலு வயதுப் பெண், எட்டு மாதப் பையன். "எனக்குன்னா எது வேணா ஓட்டுவேன். கொழந்தைகளுக்கு எது பாதுகாப்போ அதச் சொல்லுங்க, எடுத்தர்லாம்."

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். இரண்டு நாளில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தின் நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கார் பற்றிய கேள்வி இல்லை. என் குழந்தைக்காக நான் என்னவெல்லாம் செய்யலாம் என்ற கேள்வி. இன்னும் சரியாகச் சொன்னால், என் குழந்தைக்காக அடுத்தவர் குழந்தையிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி.

முதலில் நடைமுறை விஷயங்களைப் பேசிவிடுகிறேன். அவற்றை அலட்சியம் செய்துவிட்டு அறம் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணின் முதுகு வலியும் ஒரு வாதம்தான்.

எஸ்யூவி பக்கம் நிறையவே நியாயம் இருக்கிறது. இருக்கை உயரமாக இருப்பதால் குழந்தையைக் குனியாமல் உள்ளே வைக்கலாம். செடானில் கூரை தாழ்வு, குழந்தையைச் சைல்டு சீட்டில் வைத்து பெல்ட் மாட்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் கைக்குழந்தை சீட் நிறைய இடம் எடுக்கும். செடானில் பெரும்பாலும் முன்சீட்டை முன்னால் தள்ள வேண்டியிருக்கும். டிக்கியில் தள்ளுவண்டி, பால் புட்டிப் பை, ஊருக்குப் போனால் தேங்காய் மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்தடியில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தவர்கள், தரையை ஒட்டிப் போகும் செடானை வாங்கத் தயங்குவார்கள். எங்கள் தெருவில் அவரவர் வீட்டு வாசலுக்கு அவரவரே போட்டுக்கொண்ட ஸ்பீடு பிரேக்கர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செடான் பக்கமும் நியாயம் உண்டு. தாழ்வான வண்டி, வளைவில் நிலையாக நிற்கும். திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் கவிழும் வாய்ப்பு குறைவு. உயரமான வண்டிகளுக்கும் இப்போது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் இந்த வித்தியாசம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. குலுக்கல் குறைவு என்பதால் ஊட்டி மலைப்பாதையில் குழந்தைகள் வாந்தி எடுப்பதும் கொஞ்சம் குறையலாம்.

இப்படி இரண்டு பத்திகளில் முடித்து, "மாப்ள, உங்க தேவைக்கு எஸ்யூவிதான் சௌகரியம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது சௌகரியத்தை இல்லையே. பாதுகாப்பை.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

*

கரும்பலகையில் நான் வருடா வருடம் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. இரண்டாயிரம் கிலோ வண்டியும் ஆயிரம் கிலோ வண்டியும் 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்து மோதி, ஒட்டிக்கொள்கின்றன. மோதிய பிறகு இரண்டும் சேர்ந்து, கனமான வண்டி போன திசையிலேயே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அப்படியென்றால் பெரிய வண்டிக்காரருக்கு ஏற்பட்ட வேக மாற்றம் 33. சின்ன வண்டிக்காரருக்கு 67. உடம்பை உடைப்பது வேகம் அல்ல, இந்த வேக மாற்றம்தான். எடையில் பாதியாக இருப்பவன் இரண்டு மடங்கு அடி வாங்குகிறான்.

மாணவர்கள் இதை உந்த அழிவின்மை விதி என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் இத்தனை வருடம் அதற்கு மேல் யோசித்ததில்லை. இப்போது தங்கை குழந்தைகளை அந்தக் கணக்கின் உள்ளே உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் அதன் மறுபாதி உறைத்தது. பெரிய வண்டி அடியைக் குறைக்கவில்லை. அடியைப் பங்கு போடுகிறது. அதில் என் பங்கு குறைந்தால் எதிரே வருகிறவன் பங்கு கூடுகிறது.

இதைக் களத்தில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மிஷெல் வைட் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, சாலையில் நடக்கும் இந்தப் போட்டியை ஆயுதப் போட்டி என்றே அழைக்கிறது. பெரிய வண்டிகளில் இருப்பவர்கள் ஒரு மரண விபத்தைத் தவிர்க்கும்போது, மற்றவர்களுக்குக் குறைந்தது 4.3 மரண விபத்துகள் கூடுகின்றன என்பது அவருடைய கணக்கு. மற்றவர்கள் என்றால் சின்ன கார்க்காரர்கள், பைக்கில் போகிறவர்கள், சைக்கிள்காரர்கள், நடந்து போகிறவர்கள். பத்து வருடம் கழித்து, 2014இல், மைக்கேல் ஆண்டர்சனும் மாக்சிமிலியன் ஆஃப்ஹாமரும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். மோதுகிற வண்டியின் எடை ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ கூடுதலாக இருந்தால், மோதப்பட்ட வண்டியில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பு 47 சதவீதம் கூடுகிறது என்றது அது.

ஷோரூமில் நமக்குக் காட்டப்படும் நட்சத்திரங்கள் இதைச் சொல்வதில்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்றால், வண்டிக்குள் இருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் எவ்வளவு காப்பாற்றப்படுகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தகவல் அவசியமானது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே நிற்பவனுக்கு அதில் எத்தனை நட்சத்திரம் என்று யாரும் கேட்பதில்லை.

*

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். அவள் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, எம் புள்ளைய நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க? ரோட்ல போறவங்களப் பத்தி நான் எதுக்கு நெனைக்கணும்? அவங்களுக்கு அவங்கம்மா இருக்காங்க" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது.

பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று வருகிறது. பல பேர் ஆபத்தில் இருக்கிறார்கள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும், அவர்களில் ஒருத்தி உன் மனைவி. அந்த நேரத்தில் ஒருவன், "இவள் என் மனைவி, மேலும், இப்படிப்பட்ட சூழலில் மனைவியை முதலில் காப்பாற்றுவதை அறம் அனுமதிக்கிறது" என்று யோசித்துவிட்டுக் கை நீட்டினால், அவன் ஒரு எண்ணம் கூடுதலாக எண்ணிவிட்டான் என்கிறார் வில்லியம்ஸ். பாசத்துக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. தன் குழந்தையை எல்லாக் குழந்தைகளிலும் ஒன்றாக மட்டும் பார்க்கிற தாயை நாம் நீதிமான் என்று சொல்ல மாட்டோம். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் சொல்வோம்.

ஆகவே தங்கை சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் குழந்தைக்கு முதலிடம் தரலாம், தரவும் வேண்டும். ஆனால் வில்லியம்ஸின் உதாரணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனைவியைக் காப்பாற்றுகிறவன் மற்றவர்களைத் தண்ணீரில் தள்ளவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறார்கள். இரண்டு கை இருக்கிறது, யாருக்கு நீட்டுவது என்பதுதான் அங்கே கேள்வி. கனமான வண்டி வாங்குவது கை நீட்டுவதைப் போலத் தெரிகிறது. ஒரு பகுதி அப்படித்தான். இன்னொரு பகுதி, அடுத்தவன் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டையை நம் பக்கம் இழுப்பது.

என் காசில் என் பிள்ளைக்கு நெய் ஊற்றிச் சோறு போடுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ரசம் சோறு சாப்பிடுகிறது. இதில் வருத்தம் இருக்கலாம், குற்றம் இல்லை. ஆனால் பக்கத்து இலையிலிருந்து எடுத்து என் பிள்ளை இலையில் வைத்தால் அது பாசம் என்பதால் சரியாகிவிடாது.

தங்கை அதற்கும் ஒன்று சொன்னாள். "எல்லாரும் பெரிய வண்டிதான் வாங்கறாங்க. நாம மட்டும் சின்னதுல போனா நாமதான அடிபடுவோம்?"

இது இன்னும் வலுவான வாதம். இந்தியாவில் இன்று விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் எஸ்யூவி போன்ற பயன்பாட்டு வாகனங்கள்தான். தாமஸ் ஷெல்லிங் 1973இல் ஐஸ் ஹாக்கி வீரர்களின் தலைக்கவசம் பற்றி எழுதியது இங்கே நேராகப் பொருந்துகிறது. தலைக்கவசம் நல்லது என்று அந்த வீரர்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் தானாகப் போட்டுக்கொள்வதில்லை. போடாதவனுக்கு ஆட்டத்தில் சின்ன அனுகூலம் கிடைக்கும், அதை விட்டுத்தர யாருக்கும் மனமில்லை. கட்டாயமாக்கினால் சந்தோஷமாகப் போட்டுக்கொள்வார்கள். 1979இல் வட அமெரிக்க ஹாக்கி சங்கம் புதிதாகச் சேரும் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எல்லோருக்கும் தீமையான ஒன்றை, ஒவ்வொருவரும் தனித்தனியாக நியாயமான காரணத்துக்காகவே செய்துகொண்டிருக்க முடியும் என்பதுதான் ஷெல்லிங் காட்டியது.

கார் விஷயமும் அப்படித்தான். அடுத்தவன் பெரிய வண்டி வாங்கினதால் நான் வாங்குகிறேன். நான் வாங்கினதால் இன்னொருவன். கடைசியில் எல்லோரும் இரண்டு டன் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, கார்களுக்குள் இருப்பவர்களுக்கு ஒருவருக்கொருவர் எந்த அனுகூலமும் மிச்சமில்லை. எடை எல்லோருக்கும் கூடிவிட்டது. இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே முடியாத ஒரு கூட்டம் சாலையில் இருக்கிறது. அவர்கள் மட்டும் முன்பைவிட மோசமான இடத்தில் நிற்கிறார்கள்.

*

அந்தக் கூட்டம் யார்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். கார், எஸ்யூவி இவற்றுக்குள் இருந்து இறந்தவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வுகள் பெரும்பாலும் காரும் காரும் மோதுவதைப் பற்றியவை. நம் ஊரில் எதிரே வருவது பெரும்பாலும் கார் இல்லை.

மாப்பிள்ளையின் பட்டறையில் லேத் ஓட்டும் ஒரு அண்ணன் இருக்கிறார். தினமும் காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பிள்ளைகளைச் சத்தி ரோட்டில் உள்ள பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவார். சின்னவன் முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வான். பெரியவள் பின்னால் இரண்டு புத்தகப் பையையும் சுமந்துகொண்டு உட்காருவாள். அந்த வண்டியின் எடை 90 கிலோ அளவுக்கு இருக்கும். ஒருநாள் டீக்கடையில் அவரிடம், "காலைல அந்த ரோட்ல பயமா இல்லீங்களாண்ணா?" என்று கேட்டேன். "பெரிய வண்டி வந்தா நாங்க ஓரமா ஒதுங்கிருவம்ங்க சார். பழகிருச்சு" என்றார்.

அந்த "ஒதுங்கிருவம்" என்ற சொல்லைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வண்டிக்குள் நாம் உணர்கிற பாதுகாப்பில் ஒரு பகுதி, வெளியே யாரோ ஒதுங்குவதால் வருகிறது. அதற்கு விலை அவர்கள் கொடுக்கிறார்கள், மண் ஓரத்தில் இறங்கி. அந்த விலை ஷோரூம் கொட்டேஷனில் வராது. 2017 டிசம்பரில் மத்திய அரசு வண்டிகளின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளைத் தடை செய்தபோது, அது பாதசாரிகளுக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்றுதான் காரணம் சொன்னது. இன்றும் எத்தனை வண்டிகளில் அவை இருக்கின்றன என்று பாருங்கள். "பாதுகாப்புக்காக" என்றே சொல்வார்கள். யாருடைய பாதுகாப்பு என்பது அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சொகுசுச் செடானும் ஒன்றும் பஞ்சு மூட்டை இல்லை. பல செடான்கள் ஒன்றரை டன்னைத் தாண்டுகின்றன. 90 கிலோ மொபெட்டுக்கு இரண்டுமே யானைதான். எடையை வைத்து மட்டும் செடான்காரரை நல்லவர் என்றும் எஸ்யூவிக்காரரைக் கெட்டவர் என்றும் பிரிப்பது அபத்தம். ஆனால் எடை மட்டுமே கணக்கு இல்லை, முகமும் ஒரு கணக்கு. தாழ்வான பானெட் உள்ள வண்டி மோதினால் பெரியவர் ஒருவருக்குக் காலில் அடி விழுந்து, அவர் பானெட்டின் மேல் சரிவார். உயரமான, செங்குத்தான முகம் உள்ள வண்டி நெஞ்சிலும் தலையிலும் அடித்துக் கீழே தள்ளும். குழந்தையென்றால் முதல் அடியே தலையில். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டிகள் மோதினால், 30 அங்குலம் அல்லது அதற்குக் கீழே சரிவான முகத்தோடு இருக்கும் வண்டிகளைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது.

*

இப்படியே போனால் காரே வாங்கக் கூடாது என்ற இடத்துக்குத்தான் போவேனோ என்று பயமாக இருந்தது. கைக்குழந்தையோடு மழையில் பஸ்ஸுக்கு நில்லுங்கள் என்று தங்கையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. யோசித்து யோசித்துக் கடைசியில் எனக்குப் பிடிபட்டது ஒரு எளிய பிரிவினை. பாதுகாப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடுத்தவரிடமிருந்து எடுக்காமல் கிடைப்பது. இன்னொன்று, அடுத்தவர் பங்கிலிருந்து கிடைப்பது.

சீட் பெல்ட் முதல் வகை. நான் பெல்ட் போட்டுக்கொள்வதால் எதிரே வருகிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்று உலகம் முழுக்க இருக்கும் மும்முனை பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அந்தக் காப்புரிமையைப் போட்டி நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள அந்த நிறுவனம் திறந்துவிட்டது. பகிர்ந்தாலும் குறையாத பாதுகாப்பு அது. சைல்டு சீட்டும் அப்படியே. கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், மோதலில் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் சேர்த்துத் தாங்கும். ஸ்வீடனில் நாலு வயது வரைக்கும்கூட அப்படி உட்கார வைக்கிற பழக்கம் உண்டு. நல்ல பிரேக், தேயாத டயர், முன்னால் ஆள் வந்தால் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக், இவை இன்னும் ஒரு படி மேலே. என்னையும் காக்கும், எதிரே வருகிறவனையும் காக்கும்.

எடையும் உயரமும் இரண்டாம் வகை.

என் குழந்தைக்காக முதல் வகையில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். அங்கே பாசத்துக்கு வரம்பே வேண்டாம். இரண்டாம் வகையில் கை வைப்பதற்கு முன், முதல் வகையை முழுசாகச் செய்துவிட்டேனா என்றாவது என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் நேர்மாறாகச் செய்கிறோம் என்பதுதான் வேடிக்கை. எழுபது லட்சம் கொடுத்து எஸ்யூவி வாங்கிவிட்டு, குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களை அவிநாசி ரோட்டில் தினமும் பார்க்கலாம். காற்றுப்பை விரிந்தால் அந்தக் குழந்தையின் மேல்தான் அடிக்கும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ கட்டாயம் என்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது ஒரு சொகுசு எஸ்யூவியின் பின்னிருக்கையில்தான். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றது காவல்துறை. இரண்டு டன் இரும்பு செய்யாததை ஒரு துணிப்பட்டை செய்திருக்கக்கூடும்.

வேகமும் முதல் வகையில்தான் சேரும். 2,400 கிலோ வண்டி 40இல் போகும்போது இருக்கும் ஆற்றல், 1,500 கிலோ வண்டி 50இல் போகும்போது இருப்பதற்கு ஏறத்தாழச் சமம். வீட்டில் ஏழு பேர், போகிற வழி காட்டுப்பாதை, வெள்ளம் வரும் ஊர் என்று உண்மையான தேவை இருந்து பெரிய வண்டி வாங்குகிறவர் அடுத்தவருக்குப் படும் கடனை இப்படித்தான் அடைக்க முடியும். பத்து கிலோமீட்டர் குறைத்து ஓட்டினால் பெருமளவு அடைந்துவிடுகிற கடன் அது.

*

ஒரு சனிக்கிழமை காலை டெஸ்ட் டிரைவுக்காக எஸ்யூவி வீட்டுக்கே வந்தது. மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாசலில் நிறுத்தினார். நல்ல வண்டி, பொய் சொல்லக் கூடாது. உட்கார்ந்தால் ஊரே நமக்குக் கீழே இருப்பதுபோல ஒரு நிம்மதி.

நான் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். தங்கை மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, வண்டிக்கு முன்னாடி போய் நில்லு பாக்கலாம்" என்றேன். அவள் விளையாட்டு என்று நினைத்து ஓடினாள். பானெட்டின் விளிம்பு வரைக்கும் பார்த்தேன். அதற்கு மேல் எதிர்வீட்டுக் கேட் தெரிந்தது.

"மாமா, நான் தெரியறனா?"

குரல் மட்டும் வந்தது. "எங்க கண்ணு நிக்கற?" என்றேன். பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து விரல்கள் மட்டும் மேலே வந்து ஆடின. ஒரு மீட்டர் உயரம்தான் அவள் இருப்பாள்.

மாப்பிள்ளையை ஏற்றி உட்கார வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கூட வந்த சேல்ஸ் தம்பி, "சார், 360 டிகிரி கேமரா இருக்குங்க, எல்லாம் ஸ்கிரீன்ல தெரியும்" என்றார். உண்மைதான், மெதுவாக நகரும்போது தெரியும். ஆனால் அந்தக் கேமராக்கள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2002இல் நியூயார்க் பக்கம் ஒரு குழந்தை நல மருத்துவர் இரவில் தன் எஸ்யூவியை வீட்டு வாசலில் பின்னால் எடுத்தார். கண்ணாடிகளைப் பார்த்துத்தான் எடுத்தார். அவருடைய இரண்டு வயது மகன் பின்னால் வந்து நின்றது எதிலும் தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2018 மே மாதத்திலிருந்து அங்கே விற்கும் புதிய கார்களுக்கெல்லாம் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. உயரமான வண்டியை நாம் வாங்குவது நம் குழந்தைக்காக. அந்த வண்டிக்கு வெளியே தினமும் அதிக நேரம் இருப்பதும் நம் குழந்தைதான்.

அதே வாரம் செடானும் வந்தது. அதே இடத்தில் அவளை நிற்க வைத்தேன். கழுத்துக்கு மேலே முழுசாகத் தெரிந்தாள். நாக்கை நீட்டிக் காட்டினாள்.

*

தேரும் குழந்தையும் என்றால் தமிழர்களுக்கு நினைவு வருவது ஒரே கதை. திருவாரூரில் இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் கன்று ஒன்று விழுந்து இறக்கிறது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் அந்தப் பசுவின் துயரம் தனக்கும் வேண்டும் என்று சொல்லி, மகனைக் கிடத்தி அவன் மேல் தேரை ஓட்டுகிறான். பெரியபுராணம் சொல்லும் கதை இது. திருவாரூரில் இன்றும் கல்தேர் இருக்கிறது. சின்ன வயதில் இதைக் கேட்டு நீதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தகப்பனான பிறகு கேட்க முடியவில்லை. எந்த நீதிக்காகவும் அந்தத் தேரில் நான் ஏற மாட்டேன். என் தங்கையும் ஏற மாட்டாள்.

அந்தக் கதை நடந்து முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய கேள்வி. அந்தத் தெருவில் அந்தத் தேர் எவ்வளவு பெரியதாக, எவ்வளவு வேகமாகப் போக வேண்டியிருந்தது? தேரில் இருந்தவனுக்கு முன்னால் துள்ளி வந்த கன்று தெரிந்ததா? கன்று பிழைத்திருந்தால் மணி அடித்திருக்காது, மகனும் பிழைத்திருப்பான். அடுத்தவர் குழந்தையையும் நம் குழந்தையையும் ஒரே தராசில் வைக்கும் கொடுமை நமக்கு வராமல் இருக்க வேண்டுமானால், தேர் வாங்கும்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை செடான்தான் எடுத்தார். என் ஆய்வுகளும் ஷெல்லிங்கும் அதற்குக் காரணம் இல்லை. "எம் புள்ளையே எனக்குத் தெரியலயே மச்சான்" என்றார், அவ்வளவுதான். அப்படியென்றால் அவர் யோசித்தது மறுபடியும் தன் குழந்தையைப் பற்றி மட்டும்தானே, இதில் அறம் எங்கே இருக்கிறது என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்லை. ஆனால் பானெட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கலாம் என்பது அவருக்கு முதன்முதலாக உறைத்தது, தன் மகள் அங்கே போய் நின்றபோதுதான். நமக்கெல்லாம் அப்படித்தான் உறைக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்தவர் குழந்தையை நேசிக்க எல்லோராலும் முடியாது. அடுத்தவர் குழந்தை நிற்கும் இடத்தில் நம் குழந்தையை ஒரு நிமிடம் நிற்க வைத்துப் பார்க்க எல்லோராலும் முடியும்.

இரண்டு சைல்டு சீட்டுகள் வாங்கி மாட்டியாகிவிட்டது. பையன் முதல் ஒரு வாரம் ஊரைக் கூட்டினான், இப்போது அதில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறான். 2023 பிப்ரவரியிலிருந்து நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளை டூவீலரில் கூட்டிப்போனால் தலைக்கவசமும் சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் தலை ஒன்றுதானே. லேத் அண்ணனின் பிள்ளைகளுக்கு இரண்டு சின்ன ஹெல்மெட்டுகள் பட்டறைச் செலவில் வந்தன. பெரிய தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை, செய்தியாகத்தான் சொல்கிறேன்.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். குரலில் கொஞ்சம் எரிச்சல்.

"மச்சான், நம்ம தெரு ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி அடி தட்டுதுங்க. எஸ்யூவி எடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல."

"மெதுவா ஏத்தி எறக்குங்க மாப்ள" என்றேன். "மெதுவா போனா தட்டாது."